பானெட்டுக்கு மேல சந்தனம் வைக்கிறோம், பானெட்டைத் திறந்து பார்க்கிறோமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு, நேரம் இருக்கிறப்போ உட்கார்ந்து படிங்க. காடி வச்சிருக்கிறவங்க கண்டிப்பா படிங்க. வீட்டுல புதுசா லைசன்ஸ் எடுத்த பிள்ளைங்க இருந்தா அவங்களையும் படிக்கச் சொல்லுங்க.

ஆயுத பூசை நெருங்குது. அன்னைக்கு விடியக்காலையில இருந்தே நம்ம கோயில் வாசல்ல காடிங்க வரிசை பிடிச்சு நிக்கும். மைவி, சாகா, பள்ளிக்கூட வேன், ரொட்டிக் கடைக்காரர் லோரி, மோட்டர் எல்லாம் வரும். ஐயர் மந்திரம் சொல்லித் தீபம் காட்டுவார், பானெட்டுக்கு மேல சந்தனம் குங்குமம் வைப்பாங்க, தேங்காய் உடைப்பாங்க. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறது என் வேலை. பல வருஷமா அந்தப் பொறுப்பு என்கிட்டதான் இருக்கு.

பழம் வைக்கிறவன் குனிஞ்சுதான் வைக்கணும். அதனால மத்தவங்க பார்க்காத ஒண்ணு என் கண்ணுல படும். காடி மேல பார்த்தா பளபளன்னு இருக்கும், மாலை போட்டிருக்கும். கீழ பார்த்தா டயர் மொட்டையா இருக்கும். எஞ்சினுக்கு அடியில கறுப்பா ஈரம் கசிஞ்சிருக்கும். சில காடி நகர்ந்து போன பிறகு சிமெண்டுத் தரையில சொட்டுச் சொட்டா எண்ணெய்த் தடம் இருக்கும். உரிமையாளர்கிட்ட சொன்னா, "அப்படியா அண்ணே, பார்த்துக்கிறேன்"னு சொல்லிட்டுப் பழத்தை நசுக்கிக்கிட்டுப் போயிடுவார்.

இந்த வருஷம் இதை ஒரு பதிவா எழுதணும்னு தோணினதுக்குக் காரணம், நம்ம அன்னதானச் சமையல்கட்டுல இருக்கிற ஒரு அக்கா. அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.

அக்காவுக்கு ஒரு பழைய மைவி. அதுலதான் ரெண்டு பிள்ளைங்களையும் பள்ளிக்கூடத்துல விடுவாங்க, காலையில நாசி லெமாக் பொட்டலம் கொண்டுபோய்க் கடைங்களுக்குப் போடுவாங்க, வெள்ளிக்கிழமை நம்ம கோயிலுக்குக் காய்கறி ஏத்திக்கிட்டு வருவாங்க. போன ஆயுத பூசைக்கு அந்த மைவிக்கும் நான்தான் பழம் வச்சேன். மூணு வாரம் கழிச்சு ஈப்போவுல அண்ணன் மகள் சடங்குக்குப் பிள்ளைங்களோட புறப்பட்டாங்க. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில தாப்பா தாண்டி, கோப்பேங் வர்றதுக்குள்ள எஞ்சின்ல சத்தம். அப்புறம் காடி நின்னுடுச்சு. ராத்திரி நேரம், ஓரமா நிறுத்திட்டு, ரெண்டு பிள்ளைங்களையும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லுல உட்கார வச்சுக்கிட்டு, இழுவை லோரி வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க. பக்கத்துலேயே லோரிங்க பறந்துக்கிட்டு இருக்கு. அந்த நேரத்தை நினைச்சா இன்னும் கை நடுங்குதுன்னு சொல்வாங்க.

எஞ்சின் ஜேம். பட்டறையில டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தப்போ நுனியில கூட எண்ணெய் ஒட்டலை. வேற எஞ்சின் மாத்த மூவாயிரம் வெள்ளிக்கு மேல ஆச்சு. அந்தக் காசைக் கட்டி முடிக்க அக்கா எத்தனை பொட்டலம் மடிச்சிருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

ஆனா அக்காவை ரொம்பப் புண்படுத்தினது காசு இல்லை. "பூசை பண்ணியும் இப்படி ஆயிடுச்சே, ஏதோ குறை வச்சுட்டீங்க போல"ன்னு நம்ம ஆளுங்களே ரெண்டு மூணு பேர் சொல்லியிருக்காங்க. அக்கா அதை மனசுல வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து, "தம்பி, நான் என்ன குறை வச்சேன்?"னு கேட்டாங்க.

பூசையில ஒரு குறையும் இல்லை. இதை எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்லிடறேன். குறை இருந்தது எண்ணெய் அளவுல.

தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்களுக்கு ஆயுத பூசை எப்படி நடக்கும்னு நினைவிருக்கும். முதல் நாளே பால்மரம் சீவுற கத்தி, பாராங், மண்வெட்டி எல்லாத்தையும் கழுவி, துரு தேய்ச்சு, கத்தியைக் கல்லுல தீட்டி, துடைச்சு வைப்பாங்க. அதுக்கு அப்புறம்தான் பொட்டு. மழுங்கிப் போன கத்தியை அப்படியே கொண்டுவந்து சாமி முன்னால யாரும் வைக்கலை. சுத்தம் பண்றதும் சரி பார்க்கிறதும் பூசையில சேர்ந்ததுதான். இப்ப நம்ம ஆயுதம் காடி. அதைத் தண்ணி அடிச்சுக் கழுவுறோம், மாலை போடுறோம். தீட்டுற வேலையை மட்டும் விட்டுட்டோம்.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். சொன்னதோட நிக்காம, அவங்க வீட்டுப் போர்ச்சுலேயே எஞ்சின் ஆயில் மாத்தவும் கத்துக் குடுத்தேன். இப்ப அவங்களும் பெரிய மகனும் சேர்ந்து அவங்களாவே மாத்துறாங்க. அன்னைக்குச் சொல்லிக் குடுத்ததைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல அந்த விளக்கைப் பத்தி. டேஷ்போர்டுல பழைய காலத்து எண்ணெய்க் குவளை மாதிரி, மூக்குல ஒரு சொட்டு விழுற மாதிரி ஒரு சிவப்புப் படம் இருக்கும். காடியை ஸ்டார்ட் பண்றப்போ எரிஞ்சு உடனே அணைஞ்சுடும். ஓடுறப்போ அது எரிஞ்சா, எண்ணெயோட அழுத்தம் குறைஞ்சுபோச்சுன்னு அர்த்தம். எண்ணெய் கொஞ்சம் குறையுறப்போவே சொல்ற விளக்கு இல்லை அது. அது எரியுற நேரத்துல எஞ்சினுக்குள்ள இரும்போட இரும்பு உரச ஆரம்பிச்சிருக்கும். அக்கா காடியிலேயும் அந்த விளக்கு எரிஞ்சிருக்கு. காடி ஓடிக்கிட்டுதானே இருக்கு, அடுத்த எண்ணெய் நிலையத்துல பார்க்கலாம்னு ஓட்டியிருக்காங்க. தெரியாத யாரும் அப்படித்தான் ஓட்டுவாங்க. கோயில் விளக்கு அணையக் கூடாது, இந்த விளக்கு எரியக் கூடாது. எரிஞ்சா ஓரமா நிறுத்தி உடனே எஞ்சினை அணைச்சுடுங்க. இழுவை லோரிக்குக் குடுக்கிற காசு எஞ்சினுக்குக் குடுக்கிறதைவிடக் கம்மி.

எண்ணெய் எஞ்சினுக்குள்ள என்ன செய்யுது? உரசாம வழுக்க வைக்குது, அது எல்லாருக்கும் தெரியும். அதோட சூட்டை எடுத்துக்கிட்டுக் கீழ கொண்டு வருது. பெட்ரோல் எரிஞ்ச கரியையும் அழுக்கையும் தன்னோட சேர்த்துப் பிடிச்சு வச்சுக்குது. துருப்பிடிக்காம காக்குது. அதனாலதான் கொஞ்ச நாள்லேயே கறுத்துப் போகுது. கறுப்பா இருக்கிறதால மட்டும் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. அழுக்கைப் பிடிக்கிற வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். ஆனா அது பிடிச்சு வச்சுக்கிறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. அதுக்கு முன்னால மாத்திடணும்.

எப்போ மாத்தணும்? காடியோட கையேடு என்ன சொல்லுதோ அதுதான். பொதுவா நம்ம ஊர்ல மினரல் ஆயிலுக்கு 5,000 கிலோமீட்டர், ஃபுல்லி சிந்தட்டிக்குக் 10,000 கிலோமீட்டர்னு கணக்கு வைப்பாங்க. செமி சிந்தட்டிக் இதுக்கு நடுவுல. ஓட்டம் கம்மியா இருந்தாலும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துறது நல்லது. "நான் எங்க ஓட்டுறேன், வீட்டுல இருந்து கோயில், கோயில்ல இருந்து வீடு"ன்னு பல பேர் சொல்வாங்க. அந்தச் சின்ன ஓட்டம்தான் எண்ணெய்க்குக் கெடுதல். எஞ்சின் நல்லா சூடாகுறதுக்குள்ள அணைச்சுடறதால உள்ள சேருற ஈரம் ஆவியாகிப் போகாம எண்ணெயிலேயே தங்கிடும். கோலாலம்பூர் ஜேம்ல நின்னு நின்னு போறதும் அப்படித்தான். மீட்டர் ஓடாது, எஞ்சின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.

எந்த எண்ணெய்? போத்தல்ல 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40னு போட்டிருக்கும். டபிள்யூங்கிறது குளிர்காலத்தைக் குறிக்குது. அதுக்கு முன்னால இருக்கிற எண், எஞ்சின் ஆறியிருக்கிறப்போ எண்ணெய் எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்லும், சின்ன எண்ணா இருந்தா சீக்கிரம் ஓடும். பின்னால இருக்கிற எண், நல்லா சூடான பிறகு எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லும். கையேட்டுல உள்ள எண்ணையே வாங்குங்க. பக்கத்து வீட்டுக்காரர் போடுறாரேன்னு வாங்காதீங்க. விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவா இருந்தா வாங்கவே வாங்காதீங்க, போலி ஆயில் நம்ம நாட்டுல பல தடவை பிடிபட்டிருக்கு. தெரிஞ்ச உதிரிப்பாகக் கடையில வாங்கி, மூடியோட முத்திரை உடையாம இருக்கான்னு பாருங்க.

வேலைக்கு வேண்டியது அதிகம் இல்லை. எண்ணெய், சின்னக் காடிக்கு ஒரு 4 லிட்டர் போத்தல் பெரும்பாலும் போதும். புது ஆயில் ஃபில்டர், வடிகால் நட்டுக்குப் புது வாஷர், சரியான அளவு ஸ்பேனர், பெரும்பாலான காடிக்கு 14 அல்லது 17. எண்ணெய் பிடிக்க ஒரு அகலமான தட்டு, புனல், பழைய துணி, கையுறை, தரையில விரிக்கப் பெரிய அட்டை. காடியைத் தூக்கி நிறுத்த ஜேக் ஸ்டேண்ட் ரெண்டு.

இந்த ஜேக் ஸ்டேண்ட் விஷயத்துல நான் கண்டிப்பா இருப்பேன். காடியோட வர்ற ஜேக், டயர் மாத்துறதுக்கு மட்டும்தான். அதை மட்டும் நம்பிக் கீழ போகக் கூடாது. நம்ம உறுமி மேளக் குழுவுல ஒரு தம்பி, அவர் வீட்டுப் போர்ச்சுல அந்த ஜேக்ல காடியைத் தூக்கிட்டு, நெஞ்சு வரைக்கும் உள்ள படுத்திருந்தார். தற்செயலா அந்த வழியா போனேன். கூப்பிட்டு வெளியே வர வச்சு, காடியைக் கையால ஒரு தள்ளுத் தள்ளிக் காட்டினேன். ஜேக் டைல்ஸ்ல வழுக்கிச் சாஞ்சு, காடி டொப்புன்னு உட்கார்ந்துச்சு. தம்பி முகத்துல ரத்தமே இல்லை. அவர் அம்மா வாசல்ல நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மிச்சமாகிற கூலி இருபது முப்பது வெள்ளி. அதுக்காக யாரும் உசுரைப் பணயம் வைக்க வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். சமமான தரையில காடியை நிறுத்துங்க. கியர் பீயில இருக்கணும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கணும், பின் டயருக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை வைக்கணும். எஞ்சினை ஒரு மூணு நாலு நிமிஷம் ஓட விட்டு அணைங்க. வெதுவெதுப்பா இருந்தா எண்ணெய் நல்லா இறங்கும், ரொம்பச் சூடா இருந்தா கையைச் சுட்டுடும். அப்புறம் கையேட்டுல காட்டியிருக்கிற இடத்துல ஜேக் வச்சுத் தூக்கி, ஸ்டேண்ட் வச்சு இறக்குங்க. கழட்டி வச்ச ஸ்பேர் டயரைப் பக்கவாட்டுல உள்ள தள்ளி வைங்க, அது ரெண்டாவது காவல். கீழ போகும் முன்னாலயே காடியை நல்லா ஆட்டிப் பாருங்க.

பானெட்டைத் திறந்து மேல இருக்கிற எண்ணெய் மூடியைக் கழட்டுங்க, காத்து உள்ள போனாத்தான் கீழ சீரா வடியும். கீழ வடிகால் நட்டை இடது பக்கம் திருப்பிக் கழட்டணும். இங்க ஒரு எச்சரிக்கை. சில காடியில கியர் பெட்டிக்கும் இதே மாதிரி ஒரு நட்டு பக்கத்துலேயே இருக்கும். அதைக் கழட்டிட்டு, எஞ்சின்ல மேல மேல எண்ணெய் ஊத்தினா ரெண்டுமே கெட்டுப்போகும். சந்தேகமா இருந்தா கையேட்டுப் படத்தோட ஒத்துப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

எண்ணெய் ஊத்துறப்போ முதல்ல தூரமாப் பாய்ஞ்சு, அப்புறம் கிட்ட வந்து சொட்டும். தட்டை அதுக்கு ஏத்த மாதிரி நகர்த்தணும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் விடுங்க. அந்த நேரத்துல வர்ற எண்ணெயைப் பாருங்க, அது எஞ்சினோட உடம்பு எப்படி இருக்குன்னு சொல்லும். கறுப்பு பரவாயில்லை. பால் காப்பி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. பெட்ரோல் வாசனை தூக்கலா வந்தாலும், வெயில்ல பார்க்கிறப்போ மினுமினுன்னு இரும்புத் தூள் தெரிஞ்சாலும் போமென்கிட்ட காட்டணும். பட்டறையில மாத்துறப்போ இதெல்லாம் நம்ம கண்ணுல படுறதே இல்லை, நாம கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டு இருப்போம்.

அடுத்து ஃபில்டர். பழசைக் கழட்டினதும் அதோட ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கான்னு கட்டாயம் பாருங்க. சில நேரம் அது எஞ்சின்லேயே ஒட்டிக்கும். அதுக்கு மேல புது வளையத்தை வச்சு இறுக்கினா, ஓட்டுறப்போ எண்ணெய் மொத்தமும் பீறிட்டு வெளியே போயிடும். புது ஃபில்டரோட ரப்பர்ல விரலால கொஞ்சம் புது எண்ணெய் தடவி, கையாலயே திருகுங்க. ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுத்து போதும். அடுத்த தடவை கழட்டப் போறதும் நீங்கதான்னு நினைச்சுக்கிட்டு இறுக்குங்க. வடிகால் நட்டும் அப்படித்தான். புது வாஷர் போட்டு முதல்ல கையால திருகி, கடைசியில ஸ்பேனரால அழுத்தமா ஒரு இறுக்கு. பலத்தைக் காட்ட வேண்டாம். எண்ணெய்த் தொட்டி பல காடியில அலுமினியம், மரை போயிடுச்சுன்னா செலவு பெருசு.

காடியைக் கீழ இறக்கிட்டு, கையேட்டுல உள்ள அளவைவிட அரை லிட்டர் குறைச்சு ஊத்துங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாருங்க. பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. அந்தச் சிவப்பு விளக்கு சில நொடியில அணையணும். குனிஞ்சு கீழ கசிவு இருக்கான்னு பாருங்க. எஞ்சினை அணைச்சு ஒரு பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் டிப்ஸ்டிக். ரெண்டு கோட்டுக்கு நடுவுல, மேல் கோட்டை ஒட்டி நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். அதிகமானா உள்ள சுத்துற தண்டு எண்ணெயை அடிச்சு நுரை ஆக்கிடும். நுரை வழுக்காது. கடைசியா தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சின்ன நோட்டுல எழுதி வைங்க. அக்கா, கோயில் காலண்டர்லேயே எழுதி வைக்கிறாங்க, அதுவும் நல்ல யோசனைதான்.

வேலை முடிஞ்சுதா? இல்லைங்க. தட்டுல இருக்கிற பழைய எண்ணெயை என்ன செய்றதுங்கிறதுலதான் முக்கால்வாசிப் பேர் தப்புப் பண்றாங்க.

நம்ம தாமான் வீட்டுப் போர்ச்செல்லாம் லோங்காங்கைப் பார்த்துச் சரிவாத்தான் கட்டியிருக்கும். கீழ சிந்தினா நேரா அங்கதான் போகும். சில பேர் சிந்தாம பிடிச்ச எண்ணெயையும் அங்கேயே கொண்டுபோய் ஊத்துறாங்க. "கொஞ்சம்தானே அண்ணே, மழை வந்தா போயிடும்"னு சொல்றாங்க. மழை வந்தா போகும், எங்க போகும்? நம்ம லோங்காங் தண்ணி சின்ன ஓடையில சேருது, ஓடை ஆத்துல சேருது. பத்துமலையில காவடி எடுக்கிறதுக்கு முன்னால தலை முழுகுறோமே, அந்தச் சுங்கை பத்து, கொம்பாக் ஆத்தோட கலக்குது. கொம்பாக், மஸ்ஜித் ஜாமெக் பக்கத்துல கிள்ளான் ஆத்தோட கலக்குது. அங்க இருந்து கடலுக்கு. இந்த ஆத்துக்கரையில எத்தனை கோயில் இருக்கு, எத்தனை கரகம் அங்க இருந்து புறப்படுதுன்னு நமக்குத் தெரியாததா? கங்கைக்குச் சமம்னு சொல்லித் தலையில தெளிச்சுக்கிற தண்ணியில நாமளே கறுப்பு எண்ணெயை ஊத்துறோம்.

ஒரே ஒரு தடவை மாத்தின எண்ணெய் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணியைக் கெடுக்கும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது. நம்ம நாட்டுலேயும் 2005ஆம் ஆண்டு திட்டமிட்ட கழிவு விதிமுறைகள்ல பழைய மசகு எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305னு தனிக் குறியீடே இருக்கு. தொழிற்சாலை ஆசிட், ரசாயனம் எல்லாம் இருக்கிற அதே பட்டியல்ல. சும்மா வச்சிருக்க மாட்டாங்க. 2020 செப்டம்பர்ல ரவாங் பக்கம் சுங்கை கோங்ல கழிவு கலந்து, நாலு தண்ணி சுத்திகரிப்பு நிலையத்தை மூடி, கிள்ளான் பள்ளத்தாக்குல பல இடங்கள்ல குழாய் வறண்டு கிடந்தது ஞாபகம் இருக்கா? வாளியைத் தூக்கிக்கிட்டுத் தண்ணி லோரிக்குப் பின்னால நின்னோம். அது தொழிற்சாலைக் கழிவு, உண்மைதான். ஆனா ஆத்துக்கு எது தொழிற்சாலையில இருந்து வந்தது, எது நம்ம வீட்டுல இருந்து வந்ததுன்னு வித்தியாசம் தெரியாது.

தோட்டத்துல மரத்தூணுக்குக் கரையான் வராம இருக்கக் கறுப்பு எண்ணெய் பூசுவாங்க. அந்தப் பழக்கத்துல இன்னும் சில பேர் வேலிக்கட்டைக்குப் பூசுறாங்க, குப்பையோட சேர்த்துக் கொளுத்துறாங்க. ரெண்டும் வேண்டாம். பழைய எண்ணெயில எஞ்சின் தேய்ஞ்ச உலோகமும் எரிஞ்ச கழிவும் கலந்திருக்கு. அடிக்கடி தோல்ல பட்டா புற்றுநோய் வரலாம்னு பல ஆயில் போத்தல்லேயே எச்சரிக்கை போட்டிருப்பாங்க. கையுறை போடுங்கன்னு மேல சொன்னது அதுக்காகத்தான்.

இன்னொண்ணு, இது நம்ம கோயில்லேயே நடந்தது. அன்னதானத்துல வடை, அப்பளம் பொரிச்ச எண்ணெயைச் சமையல்கட்டுக்குப் பின்னால ஒரு நீல டிரம்முல சேர்த்து வைக்கிறோம். எடைக்கு வாங்கிக்கிட்டுப் போக ஆள் வருவாங்க. அது பயோடீசல் செய்யப் போகுது, வர்ற காசு எரிவாயுத் தோம்புக்கு உதவுது. ஒரு நாள் ராத்திரி யாரோ ஒருத்தர் காடி எண்ணெயைக் கொண்டுவந்து அதுல ஊத்திட்டுப் போயிட்டார். நல்லது செய்றதா நினைச்சிருப்பார் போல. வாங்க வந்தவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துட்டு, வேண்டாம்னு திரும்பிப் போயிட்டார். ரெண்டு மாச எண்ணெய் மொத்தமும் வீண். அதோட அந்த டிரம்மை அப்புறப்படுத்தக் கோயில் காசு கட்ட வேண்டியதாச்சு. யாருன்னு தேடலை, தேடவும் போறதில்லை. ஆனா எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சமையல் எண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் எங்கேயும் ஒண்ணு சேரக் கூடாது.

சரியான வழி ரொம்பச் சுலபம். எண்ணெய் ஆறினதும், புது எண்ணெய் வந்த அதே காலிப் போத்தல்ல புனல் வச்சு ஊத்துங்க. தண்ணி, கூலண்ட், பெட்ரோல் எதுவும் கலக்கக் கூடாது. ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வச்சு வடிய விட்டு, பிளாஸ்டிக் பையில கட்டுங்க. ரெண்டையும் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், "அண்ணே, பழைய ஆயில் எடுத்துக்குவீங்களா?"ன்னு கேளுங்க. அவங்க டிரம்முல சேர்த்து, உரிமம் உள்ள ஆளுங்ககிட்ட குடுப்பாங்க. முதல்லேயே கேட்டு வச்சுக்கிட்டு வேலையை ஆரம்பிக்கிறது இன்னும் நல்லது. போர்ச்சுல சிந்தியிருந்தா தண்ணி அடிக்காதீங்க. மணல் இல்லை மரத்தூள் போட்டு உறிஞ்ச விட்டுக் கூட்டி, பையில கட்டுங்க.

எல்லாரும் இந்த வேலையைச் செய்யணும்னு நான் சொல்லலை. அடுக்குமாடியில இருக்கிறவங்க கீழ கார் நிறுத்துற இடத்துல செய்ய விட மாட்டாங்க, செய்யவும் கூடாது. உத்தரவாதம் முடியாத புதுக் காடியை நிறுவனத்தோட சர்வீஸ் நிலையத்துக்கே அனுப்புங்க. முட்டி வலி, இடுப்பு வலி இருக்கிற பெரியவங்க குனிய வேண்டாம். நேர்மையா வேலை செய்ற போமென் கிடைச்சா அவரையே வச்சுக்குங்க, அவரும் பிழைக்கணும். ஆனா டிப்ஸ்டிக் பார்க்கிறது எல்லாருக்கும் முடியும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, காலையில எஞ்சின் ஆறியிருக்கிறப்போ இழுத்து, துடைச்சு, மறுபடியும் விட்டு இழுத்துப் பாருங்க. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். கீழ் கோட்டுக்கு வந்துடுச்சுன்னா ஊத்தணும். வாரா வாரம் குறைஞ்சா போமென்கிட்ட போகணும். பழைய எஞ்சின் எண்ணெய் குடிக்கும், கீழ ஒரு சொட்டுக் கூட விழாம உள்ளேயே எரிச்சுடும். அக்கா காடியில நடந்தது அதுதான். இந்த வேலைக்கு ஒரு துணியும் ஒரு நிமிஷமும் போதும்.

அக்கா வீட்டுல முதல் தடவை எண்ணெய் மாத்தின அன்னைக்கு, அவங்க மகன் வடிகால் நட்டைத் துடைச்சு, அம்மா கையில குடுத்தான். அக்கா அதைக் கையில வச்சுக்கிட்டு, "இவ்வளவுதானா தம்பி?"ன்னு கேட்டாங்க. இவ்வளவுதாங்க. தெரியாத வரைக்கும்தான் அது பெரிய விஷயம். பேச வந்தவங்க பேச்சை விட அந்தச் சின்ன நட்டுதான் அவங்களுக்கு நிம்மதியைக் குடுத்துச்சு. இப்ப யாராவது "பூசையில குறை"ன்னு ஆரம்பிச்சா, "உங்க காடியில எண்ணெய் எவ்வளவு இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்கிறாங்களாம்.

இந்த ஆயுத பூசைக்கு ஒரு சின்ன ஏற்பாடு. தலைவர்கிட்ட பேசி அனுமதி வாங்கியாச்சு. வரிசையில நிக்கிறப்போ எஞ்சினை அணைச்சுடுங்க, எப்படியும் உங்க முறை வர நேரம் ஆகும். நானும் நம்ம இளைஞர் பிரிவுத் தம்பிங்க ரெண்டு பேரும் வரிசையில வந்து, விரும்புறவங்களுக்கு டிப்ஸ்டிக் பார்க்கச் சொல்லிக் குடுப்போம். பார்க்கிறது நீங்கதான், நாங்க பக்கத்துல நிப்போம். அக்காவும் சமையல்கட்டு வேலை முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பெண்கள் அவங்ககிட்டேயே கேட்டுக்கலாம்.

வர்றப்போ பழைய துணி ஒண்ணு கொண்டு வாங்க. பழைய எண்ணெயைக் கோயிலுக்குக் கொண்டு வராதீங்க, நீல டிரம்முக்கு இப்ப பூட்டுப் போட்டாச்சு. காடிக் கையேடு வீட்டுல எங்க இருக்குன்னு இன்னைக்கே தேடி எடுத்து வைங்க. எலுமிச்சம்பழம் கோயில்ல இருக்கு, அதை நான் பார்த்துக்கிறேன்.

எல்லாரும் நல்லபடியா போய், நல்லபடியா வீடு திரும்பணும். அம்மன் துணை.